பாப்பாவின் உள்ளங்கால்

ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி விடிந்தும் விடியாததுமாகத் தெருவில் ஓடினால் எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டே அர்த்தம்தான். பஸ் கிளம்பிவிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டிருக்க வேண்டும். நான் ஓட ஆரம்பித்த புதிதில் வேங்கிக்காலில் எங்கள் தெருக்காரர்கள் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதறிப்போய் நிற்பார்கள். “என்னாக்கா, என்னா ஆச்சு? சாருக்கு ஒடம்பு சரியில்லையா?” என்பார்கள். “சாரு நல்லா தூங்கிக்கினு இருக்காரு. எனக்குத்தான் பிரஷரு” என்று ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவேன். நின்று பதில் சொன்னால் மறுபடி ஓட ஆரம்பிக்க மனசு வராது.

கலெக்டர் ஆபீசில் நாற்காலியிலேயே வயதைக் கழித்தவள் நான். பிரஷர் ஜாஸ்தி என்று தெரிந்ததும் டாக்டரம்மா நடக்கச் சொன்னார். எனக்கு நடக்கப் பொறுமை கிடையாது. முன்னால் கையை வீசிக்கொண்டு வழி அடைத்துப் போகிறவர்களைப் பார்த்தாலே பிரஷர் ஏறும். சரி, ஓடித் தொலைக்கலாம் என்று ஆரம்பித்ததுதான். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஏரிக்கரையில் நான் ஓடும்போது என்னை நடந்தே தாண்டிப் போன பெரியவர்கள் உண்டு.

பாப்பா என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அவளுக்கும் ஐம்பது நெருங்குகிறது, ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். ரேஷன் கடைக்காரர்கூட “பாப்பாம்மா, கார்டு கொண்டாந்தீங்களா?” என்றுதான் கேட்பார். புருஷன் இறந்தபிறகு, பிள்ளையும் இல்லாமல், ஒரு பையும் தையல் மிஷினுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து ஊர் அங்கன்வாடியில் டீச்சர். சர்க்கரை அவளுக்கு முப்பதுகளிலேயே வந்துவிட்டது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவாள், இனிப்பை ஒழுங்காகத் திருடுவாள்.

ஒருநாள் காலையில் நான் கேட்டைத் திறக்கும்போது சுடிதாரும் ரப்பர் செருப்புமாகப் பாப்பா வாசலில் நின்றாள். “நானும் வரேன் அண்ணி” என்றாள். சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. “இருட்டுல ஒண்டியா போறீங்க. நாய் இருக்குது. எனக்கு படுத்தா தூக்கம் வரல” என்றாள். ஆக, அவள் ஓட வந்தது எனக்குக் காவலாக. பின்னால் டப்பு டப்பென்று செருப்புச் சத்தத்தோடு ஏரிக்கரை முழுக்க வந்தாள். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கொண்டுபோய் அவளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன். புதுச் செருப்பு போட்ட குழந்தை மாதிரி கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். “கழட்டும்மா, பேக் பண்ணணும்” என்று கடைக்காரர் கேட்டதற்கு, “பழசை பேக் பண்ணுங்க” என்று சொல்லி அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள்.

சில மாதத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன பண்றீங்க, இவ்ளோ கம்மியாயிருக்கு?” என்று கேட்டார். “அண்ணிகூட ஓடறேங்க” என்றாள் பாப்பா, பரிசு வாங்கிய பிள்ளை முகத்தோடு. டாக்டரம்மா சிரித்தார். அப்படியே அவளைப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்து, “தொட்டா சொல்லுங்க” என்றார். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நூல் அவள் உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாக வளைந்து வளைந்து நிமிர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஆரம்பிக்கலையா டாக்டர்?” என்று கேட்டாள்.

இரண்டு காலிலும் அடிப்பாகத்தில் உணர்ச்சி போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஓடுவது நல்லதுதான், விட வேண்டாம், ஆனால் வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. சின்னப் புண் கவனிக்காமல் விட்டால் காலையே கொண்டுபோய்விடும் என்றார். தினமும் சாயங்காலம் யாராவது ஒருத்தர் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். யாராவது ஒருத்தர் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “காட்டு காலை” என்றேன். பாப்பா பாம்பை மிதித்தவள்போலக் காலை இழுத்துக்கொண்டாள்.

“என்னா அண்ணி இது, நீங்க பெரியவங்க. எங்கண்ணன் பொண்டாட்டி. அம்மா மாதிரி. உங்க கை என் கால்ல படறதா?”

“டாக்டர் சொன்னது காதுல விழலயா?”

“அவங்க டாக்டரு. அவங்க தொடலாம்.”

பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மேல் கால் பட்டால்கூட அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் பாப்பா. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, அவளுக்கு ஒரு பிடி ஜாஸ்தி. உங்கள் அண்ணன் பார்க்கட்டுமே என்றேன். அது இதைவிடப் பாவமாம். கடைசியில் என் வீட்டுக்காரர் ஷேவ் பண்ணும் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். அதைத் தரையில் வைத்து, மேலே காலைத் தூக்கி, தானே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. தினமும் சாயங்காலம் அவள் ரூமிலிருந்து, “பாத்துட்டேன் அண்ணி, நல்லா இருக்கு” என்று குரல் வரும். மூக்குக்கண்ணாடியை அங்கன்வாடியில் மறந்துவிட்டு வந்த நாளிலும் அந்தக் குரல் வரும். நான் கத்துவேன். அவள் சிரிப்பாள்.

மற்ற நாளெல்லாம் ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரிவல மலை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரைக் கடந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடுவோம். அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் அரை டிராயரோடு ஓடினால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் ஓடினால் டீ குடிக்கிறவர்கள் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். பாப்பாவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படாது. மலை தெரிந்ததும் அவள் வேகம் தானாகக் கூடிவிடும். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடினதைத் தவிர இத்தனை வருஷம் தனக்கென்று அவள் எங்கேயும் ஓடினதில்லை. இதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதில் எனக்கும்.

செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரிகிற இடத்தில்தான் எங்கள் சண்டை. அங்கே வந்ததும் பாப்பா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, நாடாவை ஒன்றோடொன்று முடிந்து கழுத்தில் மாட்டிக்கொள்வாள். மலையை வலம் வருகிறவர்கள் வெறுங்காலோடுதான் வருவார்கள், நானும் பௌர்ணமிக்கு நடந்தால் அப்படித்தான். ஆனால் ஓடும்போது நான் ஷூவைக் கழற்றுவதில்லை. நிறைமாத கர்ப்பிணி மாதிரி மெதுவாக நடக்க வேண்டிய பாதையில் ஓடுவதே தப்பு, இதில் ஷூவை மட்டும் எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஓடறது தப்பில்ல அண்ணி. சீக்கிரமா சுத்தி வரேன்னு மலை கோச்சிக்குமா? ஆனா மலையை வெச்சிக்கினு செருப்பு போட்டுக்கினு எப்படி?”

“நான் போட்டிருக்கேனே.”

“உங்களுக்கு கால் நோவும். நீங்க போட்டுக்கங்க. எனக்குத்தான் நோவாதே.”

நோவாது என்பதுதானே வியாதியே. நான் கத்தினேன், கெஞ்சினேன், ஸ்கூட்டரையே எடுக்க மாட்டேன் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் நான் அவளுக்கு முன்னால் ஓடுவது, கண்ணாடித் துண்டோ கல்லோ கிடந்தால் காலால் ஒதுக்குவது என்று ஆகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம் என்பது மட்டும் அவள் எனக்குக் கொடுத்த வாக்கு.

ஒரு பங்குனிப் பௌர்ணமிக்கு நானும் அவரும் போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அன்றைக்கு மத்தியானத்திலேயே பௌர்ணமி ஆரம்பித்துவிட்டது. பாப்பா அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியதும் ஆயாவிடம் சொல்லிவிட்டு நேராக மலைக்குப் போயிருக்கிறாள். வெறுங்காலோடு, பங்குனி வெயிலில், தார் ரோட்டில். ராத்திரி நாங்கள் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. “கூட்டமே இல்ல அண்ணி. முக்காவாசி ஓடியே வந்துட்டேன். ஆதி அண்ணாமலை தாண்டி குபேர லிங்கம் வரைக்கும் நிக்கவே இல்ல” என்றாள். அவ்வளவு தூரம் நான் ஒருநாளும் ஓடினதில்லை. வெயிலைச் சொல்லித் திட்டினேன்தான். “காலைப் பாத்தியா?” என்று கேட்டேன். “பாத்துட்டேன், நல்லா இருக்கு” என்றாள்.

இரண்டு நாள் கழித்து, துடைத்துக் காய்ந்த தரையில் ஈரமாக ஒரு தடம் இருந்தது. “யாரு ஈரக் காலோட நடந்தது?” என்று கத்தினேன். பாத்ரூமில் யாரும் இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு கால், அதுவும் வலது காலின் முன்பக்கம் மட்டும். சமையல்கட்டிலிருந்து சாமி படம் வரைக்கும், அங்கிருந்து பாப்பா ரூம் வரைக்கும் அந்தத் தடம் போனது. மோந்து பார்த்தேன், சீழ் நாற்றம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் அவள் கணுக்காலைப் பிடித்துத் திருப்பினேன். கட்டைவிரலுக்குக் கீழே தோல் வெள்ளையாக ஊறிப் பிரிந்து தொங்கியது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குழி. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

“விடுங்க அண்ணி. காலை விடுங்க. பாவம் அண்ணி, விடுங்க.”

பாப்பா அழுதாள். புண்ணுக்காக இல்லை. நான் அவள் காலைப் பிடித்துவிட்டேன் என்று அழுதாள். கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறாள். ஏதோ கறுப்பாகத் தெரிந்ததாம், கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்து வைத்தாளாம். “பாவத்துல போக” என்று திட்டினேன். திட்டிக்கொண்டே அவளைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தொங்கின தோலை வெட்டி எடுத்தார். பாப்பா சீலிங் பேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தாரில் வெந்திருக்கிறது என்றார். வெந்த இடத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேலேயே இவள் நடந்திருக்கிறாள். எலும்பு வரைக்கும் போயிருந்தால் கட்டைவிரலை எடுக்க வேண்டிவரும், அதோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது, தினமும் சுத்தம் செய்து கட்டுப்போட்டுப் பார்ப்போம், வலது கால் தரையில் படவே கூடாது என்றார்.

வராந்தாவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பாப்பா என்னிடம் கேட்டாள். “கட்டைவிரல் இல்லாம ஓட முடியுமா அண்ணி?”

“முதல்ல வாயை மூடு” என்றேன். மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லி மருந்துக்கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவள் எனக்கு நாத்தனார்தான், கூடப் பிறந்தவள்கூட இல்லை. ஆனால் எனக்கென்று விடியற்காலையில் தூக்கத்தை விட்டு எழுந்து வந்த ஒரு ஜீவன் இந்த உலகத்தில் அவள்தான். அந்தக் காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் கேட்டேன்.

நர்ஸம்மா எனக்குக் கட்டுப்போடச் சொல்லிக் கொடுத்தார். தினமும் காலையில் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய டவல் விரித்து, பாப்பாவின் காலை அதில் வைத்துக்கொள்வேன். முதல் சில நாள் அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் அவளால் தடுக்க முடியவில்லை. ஆனால் கட்டு முடிந்து காலைக் கீழே இறக்கியதும், குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும். நடுவில் காலை ஒருதரம் நகர்த்தினால் அதற்குத் தனியாக ஒருதரம்.

“ஒரு நாளைக்கு எத்தனவாட்டி கும்பிடுவ? நான் என்ன சாமியா?”

“நீங்க உங்க வேலையப் பாருங்க அண்ணி. நான் என் வேலையப் பாக்கறேன்.”

என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, “ஒருத்தி திட்டறா, ஒருத்தி கும்பிடறா. இது ஆஸ்பத்திரியா, கோயிலானு புரியல” என்பார். பாப்பா சிரித்துவிடுவாள். அவள் சிரிக்கட்டும் என்றுதான் அந்த மனுஷன் தினமும் ஏதாவது ஒன்று சொல்லுவார். எனக்குத் தெரியும்.

நான் ஓடப்போவதை நிறுத்தியிருந்தேன். பாப்பா விடவில்லை. “உங்க பிரஷர் ஏறிச்சுன்னா அப்புறம் எனக்கு யாரு கட்டுப்போடறது? கெளம்புங்க” என்று கட்டிலிலிருந்தே விரட்டினாள். போனேன். ஏரிக்கரையில் பின்னால் சத்தம் இல்லாமல் ஓடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிடுவேன். “பாதியில திரும்பிட்டீங்க போல” என்று படுத்தபடியே கண்டுபிடித்துவிடுவாள். நாய் துரத்திச்சு என்று பொய் சொல்வேன்.

ஒருநாள் புண்ணைக் கழுவும்போது வாய் தவறி, “எரியுதா?” என்று கேட்டுவிட்டேன்.

“எரிஞ்சா நல்லா இருக்கும் அண்ணி” என்றாள்.

என் கை நின்றுவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப உங்க கை எங்க இருக்கு?” என்று கேட்டாள். குதிகாலில் என்றேன். “தெரியல. கொஞ்சம் மேல வாங்க.” கணுக்காலுக்கு வந்தேன். “இன்னும்.” ஆடுசதைக்குக் கீழே வந்ததும், “இங்க” என்றாள். “இங்கருந்து தெரியுது. உங்க கை சூடா இருக்குது அண்ணி.” இத்தனை நாளாக அவள் காலைத் தடவித் துடைத்த என் கை அவளுக்கு வந்து சேரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி கேட்டு என் வீட்டுக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார். வேண்டுமானால் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. குழி மெதுவாக மேடேறியது. வெயில் காலம் போய், ஆடிக் காற்றும் ஓய்ந்து, மழை பிடிக்கிற நேரத்தில் தோல் மூடியது. பெரிய டாக்டர் கட்டைவிரலைச் செல்லமாகத் தட்டி, “இது உங்க அண்ணி குடுத்த விரல்” என்றார். முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், எதுவானாலும் அடியில் மெத்தென்று அட்டை வைத்த அகல ஷூ போட்டுத்தான் என்றார். கோயிலுக்குள் போனால்கூடக் கனமான சாக்ஸ். “இனிமே இந்தக் கால் வெறும் தரையில படக்கூடாதும்மா. எந்த ரோடா இருந்தாலும் சரி” என்று அழுத்திச் சொன்னார்.

பாப்பா ஆட்டோவில் வீடு வந்து இறங்கும்போது, “அப்ப மலைக்கு வேணாம் அண்ணி. ஏரிக்கரையே போதும்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். காய்கறிக்காரியிடம் கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்கிற குரலில்.

ஷூ போட்டுக்கொண்டு மலைக்குப் போவதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்பது அவள் முடிவு. மறுபடி என் பின்னால் ஓட ஆரம்பித்தாள். மெதுவாக, ஒழுங்காக, டாக்டர் சொன்ன மாதிரி. ஆனால் ஏரிக்கரையின் கோடியில் திரும்பும்போது மலை எதிரே முழுசாகத் தெரியும். அங்கே வந்ததும் பாப்பா தலையைக் குனிந்துகொள்வாள். ஓடுகிறவள் ஓடவில்லை, மருந்து சாப்பிடுகிற மாதிரி காலை எடுத்து வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. கார்லயே சுத்தறாங்களே, ஏசி போட்டுக்கினு, அவங்கள மலை என்ன பண்ணிடிச்சு என்று கேட்டேன். “அவங்க அவங்க. நான் நான்” என்றாள். எனக்கு அந்த மலைமேலேயே கோபம் வந்தது, சொன்னால் என்ன. காலைக் காப்பாற்றிவிட்டோம். அந்தக் கால் எதற்காக ஓடியதோ அதைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குக் கிளம்பும்போது பாப்பா கேட்டருகில் நின்று, “வண்டிய எடுங்க அண்ணி” என்றாள்.

“எங்க?”

“மலைக்கு.”

மனசு கேட்காமல் ஷூவைக் கழற்றிவிடப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. வழியெல்லாம் என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு ஸ்பீடு பிரேக்கரையும் பார்க்கவில்லை.

பாதை பிரிகிற இடத்தில் அவள் நின்றாள். வெளியூரிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம் அங்கே செருப்புகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தது. பாப்பா விளிம்பில் உட்கார்ந்து ஷூ நாடாவில் கை வைத்தாள்.

“பாப்பா, கழட்டினேன்னா நான் இப்படியே வீட்டுக்குப் போயிடுவேன்” என்றேன்.

அவள் நாடாவை இழுத்து இறுக்கினாள். இரட்டை முடிச்சாகப் போட்டாள். எழுந்து, ஷூ காலோடு மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள்.

வேனில் வந்த அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, வயசானவர். “கும்பிடறது மட்டும் நல்லா கும்பிடற. சாமிய சுத்தற எடத்துல செருப்பு போட்டுக்கினு நிக்கறியேம்மா, கொஞ்சம்கூட பயம் வேணாம்?” என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். வாயைத் திறந்துவிட்டேன். பாப்பா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனக்கு சக்கரைங்கம்மா. இந்தக் காலு போயிருக்க வேண்டியது” என்றாள் அந்த அம்மாவிடம், மரியாதையாக. “இவங்க எங்கண்ணி. பெரியவங்க. மாசக்கணக்கா மடியில வெச்சி, கழுவி, துடைச்சி, இவங்கதான் குடுத்தாங்க. அவங்க கை பட்ட எடங்க இது. அதைக் கொண்டுபோயி தார்ல வெக்க எனக்கு மனசு வரலீங்க. மலை என்னா வேணாலும் நெனச்சிக்கட்டும்.”

அந்த அம்மா பாப்பாவின் காலைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். “பாத்துப் போங்கம்மா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பாப்பா ஓட ஆரம்பித்தாள். என்னால் உடனே ஓட முடியவில்லை. நடுரோட்டில் நின்று துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போய் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்னா அண்ணி, நின்னுட்டீங்க? மாத்திரை போட்டீங்களா இல்லையா?”

“போட்டேன், போட்டேன். நீ போ, வரேன்” என்றேன்.

அந்தப் பாதையில் அவள் ஷூ சத்தம் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன்.